கூட்டுவேலையின் மொழி: நமது தொகுப்புகளிலும் கதைகளிலும் விடுபட்டது

நாட்டார் பாடல் தொகுப்பு ஒன்றைக் கையிலெடுத்து 'தொழிற் பாடல்கள்' என்ற பகுதிக்குப் போனால் பெரும்பாலும் நாம் காண்பது ஒழுங்காக அடுக்கப்பட்ட நான்கு வரிக் கவிகளை. எதுகையும் மோனையும் பொருந்தியிருக்கும். கீழே இரண்டு மூன்று அருஞ்சொற்களுக்குப் பொருள் இருக்கும். ஊரின் பெயரும் சில வேளை இருக்கும். ஆனால் அந்தக் கவி வேலையின் எந்தக் கட்டத்தில் எழுந்தது, எத்தனை பேர் சேர்ந்து நின்றார்கள், யார் சொன்னார், யார் பதில் சொன்னார், எந்த அசையில் கை இழுத்தது, எந்த அசையில் மூச்சு விட்டது என்பதெல்லாம் இராது. பாட்டு கிடைத்திருக்கிறது, வேலை விடுபட்டுப் போயிற்று.

இது தொகுத்தவர்களைக் குறை சொல்வதற்காக எழுதப்படுவதன்று. வி.சி. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வெளிவராதிருந்தால், எஸ்.எச்.எம். ஜெமீல் 'கிராமத்து இதயம்' போன்ற தொகுப்புகளில் உழைக்காதிருந்தால், எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களின் வாய்மொழிச் செல்வத்தைத் தேடி அலையாதிருந்தால், இன்று விமர்சிப்பதற்கே நம்மிடம் ஒன்றும் மிஞ்சியிராது. அவர்கள் காலத்தில் வயலுக்கும் கரைக்கும் தூக்கிச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவி எளிதாகக் கிடைக்கவில்லை. திண்ணையில் ஒரு மூத்தவரை இருத்திக் கேட்டு எழுதுவதே இயலக்கூடியதாக இருந்தது. திண்ணையில் பாடப்படும் தொழிற்பாட்டு வேறு, தொழிலில் பாடப்படும் பாட்டு வேறு என்பதை அடுத்து வந்த நாம் கவனித்திருக்க வேண்டும். அதைத்தான் நாம் செய்யவில்லை.

இக்கட்டுரை கேட்கும் கேள்வி சிறியது. பலர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது அவர்களது பேச்சுக்கு என்ன நேர்கிறது? நமது ஆய்வும் படைப்பும் அதை எவ்வளவு தூரம் கண்டுகொண்டன?

சுருங்கும் பேச்சு

கேள்வி புதியதல்ல. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923 இல் வெளிவந்த ஒரு நீண்ட கட்டுரையில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளின் மீனவர்களைப் பற்றி எழுதினார். ஓடங்கள் வளைந்து வந்து வலையை மூடும் வேளையில் அவர்கள் வீசிக்கொள்ளும் குறுஞ்சொற்களை அகராதியை வைத்துக்கொண்டு எவரும் விளங்கிக்கொள்ள முடியாது என்றார். அந்த வேலையில் அச்சொற்கள் கயிற்றையும் துடுப்பையும் போன்ற கருவிகள். பேச்சு என்பது முதலில் ஒரு செயல் என்பது அவரது முடிவு. பிற்காலத்தில் மெய்யியலாளர் விற்கன்ஸ்ரைன், ஒரு கொத்தனும் அவனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் கையாளும் நான்கே சொற்களைக்கொண்டு வேலை செய்யும் ஒரு மொழியைக் கற்பனை செய்து காட்டியதும் இதே திசையில்தான்.

1986 இல் உளவியலாளர் ஹேர்பேட் கிளாக்கும் டியனா வில்க்ஸ் கிப்ஸும் இதை அளந்தே காட்டினார்கள். இருவர் ஒருவரையொருவர் காணாதபடி இருக்கின்றனர். இருவரிடமும் பெயரில்லாத 12 உருவங்கள் வரைந்த அட்டைகள் உள்ளன. ஒருவர் விவரிக்க மற்றவர் அதே வரிசையில் அடுக்க வேண்டும். இதே வேலை ஆறு தடவை. முதல் தடவை ஓர் உருவத்தை விளக்கச் சராசரியாக 41 சொற்கள் அளவில் தேவைப்பட்டன. ஆறாம் தடவையில் எட்டுச் சொற்கள் அளவே போதுமாயிருந்தன. 'பனிச்சறுக்கு ஆடும் ஆள் மாதிரி, இரண்டு கையையும் முன்னே நீட்டிக்கொண்டு' என்ற வகையில் நீண்டு தொடங்கிய விளக்கம் 'சறுக்கு ஆள்' என்ற அளவில் வந்து நின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது சுருங்கியதை மாத்திரமல்ல. அந்தக் குறும்பெயரை ஒருவர் தனியே உண்டாக்கவில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர் திருத்த, இருவரும் ஏற்றுக்கொள்ள, அது பெயராயிற்று. வெளியிலிருந்து புதிதாக வருபவருக்கு அது விளங்காது. சேர்ந்து வேலை செய்தவர்களுக்கிடையிலான ஒப்பந்தம் அது. இந்த ஒப்பந்தம் இரண்டு பேருக்கிடையில் அரை மணி நேரத்தில் உண்டாகுமானால், தலைமுறை தலைமுறையாக ஒரே கரையில், ஒரே வட்டையில் உழைத்தவர்களுக்கிடையில் எத்தனை ஒப்பந்தங்கள் படிந்திருக்கும்! நமது பிரதேசப் பேச்சில் 'விசித்திரமானவை' என்று நாம் பட்டியல் போடும் சொற்களில் பல அப்படிப் படிந்தவைதான்.

கரைவலையும் ஏலேலோவும்

கரைவலையை எடுத்துக்கொள்வோம். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகிறது. வலையை அரைவட்டமாக வளைத்து, மறு கயிற்றின் தலைப்பைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கிறது. பிறகு இரண்டு கூட்டம் இரண்டு கயிற்றையும் இழுக்கிறது. வலையின் நடுவே மடி. ஒரு பக்கம் முந்தினால் மடி சரியும், மீன் தப்பும். ஆகவே இழுப்பவர்களின் பலத்தைவிட அவர்களது ஒத்திசைவே முக்கியம். தூரத்தில் நிற்கும் மற்றக் கூட்டத்தைக் காது கேட்கும்படி கட்டிப்போடுவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் 'ஏலேலோ'.

தலைமைக் குரல் ஒரு வரியைச் சொல்லும். அதைக் கேட்கும் நேரம் தோளுக்கு இளைப்பாறும் நேரம். பின் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் ஒலியில் எல்லாக் கைகளும் ஒருங்கே விழும். பேராசிரியர் க. கைலாசபதிக்குப் பேர்மிங்ஹாமில் வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சன் கவிதையின் பிறப்பைப் பற்றி எழுதுகையில் தொழிற்பாட்டின் இந்த இரண்டு கூறுகளையும் பிரித்துக் காட்டினார். மாறாமல் திரும்பும் கூட்டொலி ஒன்று, தனிக்குரல் அவ்வப்போது கட்டிச் சொல்லும் வரி மற்றொன்று. வேலையின் உயிர் முதலாவதில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1896 இல், கார்ல் பூஹர் என்ற ஜேர்மானியப் பொருளியலாளர் உழைப்பையும் தாளத்தையும் பற்றி ஒரு நூலே எழுதியிருந்தார்.

நமது தொகுப்புகள் செய்ததென்ன? தனிக்குரலின் வரியை 'கவிதை' என்று எடுத்துக்கொண்டன. கூட்டொலியை 'பொருளற்ற அசை' என்று முதல் வரிக்குப் பின் ஒரு தடவை அச்சிட்டோ, முழுதாக விட்டோ கடந்தன. அச்சுத்தாளுக்கு அது சிக்கனம். ஆனால் கரையில் நின்றவனுக்குப் பொருளுள்ள பகுதியே அந்த 'பொருளற்ற' அசைதான். 'இழு' என்பதும் 'இப்போது' என்பதும் 'எல்லோரும்' என்பதும் அந்த ஓரொலிக்குள் இருந்தன. அதை நீக்கிவிட்டு எஞ்சிய வரியில் உவமை இருக்கிறதா, காதல் இருக்கிறதா என்று தேடுவது, மடியைக் கடலில் விட்டுவிட்டுக் கயிற்றைக் கரைசேர்ப்பது போன்றது.

இன்னொன்று. தனிக்குரலின் வரி அன்றைய கரையில் கட்டப்படுவது. முதலாளியின் கஞ்சத்தனமும், நேற்றைய வெறும் வளைப்பும், புது மாப்பிள்ளையின் தூக்கக் கலக்கமும் அதில் வந்து போகும். திண்ணையில் கேட்கும்போது இவை வெட்கத்தால் மறைந்து, 'நல்ல' வரிகள் மாத்திரம் ஏட்டுக்கு வரும். நமது நாட்டார் பாடல்களில் காதற் கவி மிகுந்திருப்பதற்கு நமது மக்களின் மனம் ஒரு காரணமென்றால், கேட்டு எழுதிய இடமும் இன்னொரு காரணம் என்றே எண்ணத் தோன்றுகிறது.

களவெட்டியில் பெயர் மாறுவது

வேலை பேச்சைச் சுருக்குவது ஒரு புறம். பெயரையே மாற்றிவிடுவது மறுபுறம். கிழக்கின் களவெட்டி இதற்குச் சிறந்த சான்று. சூடு மிதிக்கக் களத்தில் இறங்கிவிட்டால் வீட்டுச் சொற்களில் சில வெளியே நின்றுவிடும். நெல் 'பொலி' ஆகும். மாடு 'வாரிக்காலன்' ஆகும். வைக்கோலை உதறிப் புரட்டும் தடி 'வேலைக்காரன்' ஆகும். பெட்டி, கடகம் போன்றவை வாயின் அளவு பார்த்துப் 'பெருவாயன்', 'குஞ்சுவாயன்' என்று பெயர் பெறும். ஊருக்கு ஊர் சொல் வேறுபடலாம். ஆனால் களத்துக்கென்று ஒரு பேச்சு உண்டு என்பதில் ஊர்களுக்கிடையில் வேறுபாடு இல்லை.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான தீர்ப்புகள் வழக்கத்தில் உள்ளன. நாட்டாரியல் பக்கத்திலிருந்து வருவது, 'இது தீய சக்திகள் கேட்டுவிடாதபடி பேசும் இரகசிய மொழி' என்பது. சீர்திருத்தப் பக்கத்திலிருந்து வருவது, 'இது அறியாமைக் காலத்து மூடநம்பிக்கை, விட்டொழித்தது நல்லதே' என்பது. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. இரண்டுமே சொல்லைப் பார்க்கின்றன, வேலையைப் பார்க்கவில்லை.

இலக்கணக்காரர் நம்மைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறிக்கு வழமையாகக் காட்டப்படும் உதாரணங்கள். மூன்றும் தொழிற் கூட்டத்தாரின் சொற்களே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கூட்டம் சேர்ந்து வேலை செய்யும்போது பேச்சு மாறும் என்பது தமிழ் இலக்கணத்தில் பழைய செய்தி.

களவெட்டிச் சொற்களை இந்த மூன்றில் எதில் சேர்ப்பது? பொற்கொல்லரின் 'பறி' வாடிக்கையாளருக்கு விளங்காமலிருக்கப் பயன்படலாம். களத்தில் அப்படி மறைக்க யாரும் இல்லை. போடியாருக்கும் தெரியும், முல்லைக்காரனுக்கும் தெரியும், கூலிக்கு வந்தவனுக்கும் தெரியும், கஞ்சி கொண்டுவரும் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே மறைப்பு அதன் முதல் நோக்கமாக இருக்க முடியாது. 'பொலி' என்ற சொல் பெருகுதலைக் குறிக்கிறது, அது மங்கலம். நெல்லளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணும் வழக்கம் தமிழர் பல இடங்களில் அறிந்தது, அதுவும் மங்கலமே. 'வாரிக்காலன்', 'பெருவாயன்' ஆகியன உருவத்தையும் தொழிலையும் கொண்டு இட்ட பெயர்கள். அவற்றில் விளையாட்டும் உண்டு. அட்டைகளை அடுக்கிய இருவர் 'சறுக்கு ஆள்' என்று பெயரிட்டதற்கும் களத்தார் 'பெருவாயன்' என்று பெயரிட்டதற்கும் அடிப்படையில் வேறுபாடு குறைவு.

அப்படியானால் பழைய பெயர் இருக்கப் புதுப் பெயர் எதற்கு? ஒரு போகம் முழுவதும் உழைத்த உழைப்பின் முடிவு களத்தில்தான் கணக்காகிறது. போடியாரின் பங்கும், செய்தவனின் பங்கும், கடனும், கூலியும் அங்கேதான் பிரிகின்றன. அறுவடை நாளிலேயே அதன் கடமையைக் கொடுத்துவிடும்படி அல்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் பணிக்கிறது. மழையில் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்ற கணக்கும் அங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். வாய் தவறினால் சண்டை வரக்கூடிய இடம் அது. அந்த இடத்துக்கு வீட்டுப் பேச்சைக் கொண்டுவராமல் நிதானமான தனிப் பேச்சு ஒன்றை வைத்துக்கொண்டது அந்தச் சமூகத்தின் அறிவு. பிஸ்மி சொல்லித் தொடங்குவதும் ஸலவாத்துச் சொல்லி அளப்பதும் அதே நிதானத்தின் மார்க்க வடிவம். களத்துச் சொற்களில் எது நம்பிக்கைக்கு மாறானது என்று மார்க்க அறிஞர் ஆராயட்டும், அது அவர்களது துறை. ஆனால் 'வேலைக்காரன்' என்று ஒரு தடிக்குப் பெயர் வைத்ததில் என்ன ஷிர்க் இருக்கிறது? முழுவதையும் ஒரே கூடையில் அள்ளி வீசுவது ஆய்வுமாகாது, சீர்திருத்தமுமாகாது.

இதில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. களவெட்டிப் பேச்சு முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதன்று. மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் 'பொலி' என்ற ஒரே சொல்லைக்கொண்டு களத்தில் நின்றார்கள். சிங்கள விவசாயிகளிடத்திலும் 'கமத்த' எனப்படும் களத்துக்கென்று தனிப் பேச்சு உண்டு. அங்கே நெல் 'பெத' ஆகும், மாடு 'அம்பருவா' ஆகும். எச்.சி.பி. பெல் 1883 இலேயே றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் தாழ்நிலச் சிங்களவரின் நெற்செய்கை வழக்கங்களைப் பதிந்தார். மூன்று சமூகமும் களத்துக்கென்று தனிச் சொற்களைக்கொண்டு ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. 1990 ஐயொட்டிய ஆண்டுகளின் கொலைகளும் இடம்பெயர்வும் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வரவையில் நிற்பதையே அச்சமான காரியமாக்கின. அக்காலத்துக்குப் பிறகு 'எமது தனித்துவம்' என்ற பெயரில் இரு தரப்பும் தத்தமது சொற்பட்டியலைத் தனித்தனியாகப் போடத் தொடங்கியது இயல்பே. ஆயினும் களத்துச் சொற்கள் எந்தத் தரப்பின் பட்டியலுக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை. சேர்ந்து உழைத்ததற்கு அவை சாட்சி. அந்தச் சாட்சியை மறைத்துவிட்டுத் தனித்துவம் பேசுவது நமக்கு நாமே செய்யும் அநியாயம்.

அரபுச் சொல் எந்த வழியால் வந்தது?

நமது தமிழைப் பற்றிய ஆய்வுகளில் அரபுச் சொற்களே முதலிடம் பெறுகின்றன. எம்.ஏ. நுஃமான் மட்டக்களப்பு முஸ்லிம்களின் தமிழில் அரபுச் சொற்களின் செல்வாக்குப் பற்றி எழுதியது இத்துறையில் முக்கியமான தொடக்கம். அதன்பின் வந்தவர்களிற் பலர், மொழியியல் முறையைப் பின்பற்றாமல், பட்டியலை மாத்திரம் நீட்டிச் சென்றனர். தொழுகை, நோன்பு, திருமணம், மௌத்து என்று மார்க்க வழிச் சொற்கள் நிரம்பின. அவை மதரஸாவிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் வந்தவை.

ஆனால் அரபு நமது கரைக்கு வேறொரு வழியாலும் வந்தது. 'மாலுமி' என்ற சொல் அரபு 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. வழி தெரிந்து கப்பலைச் செலுத்துபவனுக்குப் பெயர் முஅல்லிம். ஓதிக் கொடுப்பவரும் முஅல்லிம், கடல்வழி காட்டுபவனும் முஅல்லிம். ஒரே சொல் பள்ளிவாசல் வழியாக வந்தபோது 'முஅல்லிம்' ஆகவே நின்றது. பாய்மரத்தின் கீழ் வந்தபோது 'மாலுமி' ஆகி, தமிழ் பேசும் எல்லாச் சமூகத்துக்கும் உரியதாயிற்று. 'சுக்கான்' அரபு. 'நகுதா' பாரசீகம். 'கலாசி' அரபு வழியால் வந்தது. எந்தப் புலவரும் சபை கூட்டி இவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே பாயை இழுத்தவர்கள் ஒரே சொல்லைச் சொல்லாவிட்டால் கப்பல் கவிழும், ஆகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்து சமுத்திரத்தின் கப்பல்களில் குஜராத்தியும் மலையாளியும் சோனகரும் அரபியும் மலாயரும் சேர்ந்து வேலை செய்தபோது பல மொழி கலந்த ஒரு கட்டளைப் பேச்சு உருவானது. தோமஸ் ரோபக் என்ற ஆங்கிலேய அதிகாரி 1811 இல் அந்தக் கப்பற் பேச்சுக்கு ஓர் அகராதியே தயாரித்து வெளியிட்டார். மாலுமிகளை விளங்கிக்கொள்ளாத அதிகாரியால் கப்பலை நடத்த முடியாது என்பதே அதற்கான தேவை. நமது ஆய்வாளர் ஒரு சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். எந்த வேலையால் வந்தது என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பட்டியல் வரலாறாக மாறும். மருதமுனையின் தறிச்சொற்கள், கொழும்புப் புறக்கோட்டையின் கடைச்சொற்கள், மாணிக்கக்கல் வியாபாரத்தின் சொற்கள் எல்லாம் அப்போதுதான் தம் கதையைச் சொல்லும்.

கதைகளில் வரும் வேலையாட்கள்

படைப்பிலக்கியத்துக்கு வருவோம். முஸ்லிம் பேச்சுத் தமிழைச் சிறுகதைக்குக் கொண்டுவந்தது நமது எழுத்தாளர்களின் பெரிய சாதனை. 'உம்மா', 'வாப்பா', 'காக்கா', 'ராத்தா' என்று அச்சில் எழுதுவதற்கே ஒரு காலத்தில் தைரியம் வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சாதனை ஒரு கட்டத்தில் தேங்கிவிட்டது. பேச்சுத் தமிழ் என்றால் 'எண்டு', 'இரிக்கி', 'மறுகா' என்ற வடிவங்களைத் தூவுவது என்றாகிவிட்டது. ஒரு பாத்திரம் திண்ணையில் இருந்து வெற்றிலை போடும்போதும், கலியாணம் பேசும்போதும், வலை இழுக்கும்போதும் ஒரே மாதிரி பேசுகிறது.

இப்படி ஒரு வசனத்தை நாம் பல கதைகளில் வாசித்த மாதிரி இருக்கும்:

"மம்மது காக்கா, வடக்குப் பக்கத்துக் கயித்தக் கொஞ்சம் மெதுவா இழுங்க. இல்லாட்டி மடி சரிஞ்சி மீனெல்லாம் போயிரும் எண்டு நான் சொன்னனான்தானே."

வடிவம் பிரதேசத்தது, சந்தேகமில்லை. ஆனால் இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் மீன் போய்விடும். கரையில் நின்றவர்கள் கேட்பது வேறு:

"வடக்கு!"
"ஓ!"
"பொறு... பொறு... இப்ப புடி!"

மூன்று வரி, ஐந்தாறு சொல். யாருக்கு, எதை, எதற்காக என்ற எதுவும் சொல்லப்படவில்லை. கயிறு கையில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டியதுமில்லை. இதில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. சொன்னவன் இருபது வயதுப் பையனாக இருக்கலாம். கேட்டவர்களில் அவனுடைய மாமாவும் வாப்பாவின் கூட்டாளிகளும் இருக்கலாம். 'பிடியுங்க' என்று சொல்லவில்லை, 'புடி' என்றான். யாரும் கோபிக்கவில்லை. வலை கரையேறி, மீன் பங்காகி, வாடியின் நிழலுக்கு வந்ததும் அதே பையன், "காக்கா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பான். வேலை நடக்கும்போது மரியாதை இல்லாமற் போகவில்லை. அது வேலைக்குக் கடன் கொடுக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் திருப்பிப் பெறப்பட்டது.

ஒரு சமூகத்தில் யார் யாருக்கு எப்போது 'ங்க' போடுகிறார், எப்போது விடுகிறார், விட்டது எப்போது குற்றமாகிறது என்பதைவிட ஒரு கதாசிரியனுக்குப் பெரிய கருவூலம் எது? அந்தப் பையன் ஒரு நாள் வாடியின் நிழலிலும் 'புடி' என்று சொல்லிவிட்டால் அதுவே ஒரு கதை. முதலாளி கரைக்கு வந்து, கயிற்றைத் தொடாமல் நின்றுகொண்டு, வேலையாளின் குறும்பேச்சைத் தானும் பேச முயன்றால் அது வேறொரு கதை. பேச்சு மாறும் அந்த நொடியில்தான் அதிகாரமும் அன்பும் கண்ணுக்குத் தெரிகின்றன. மண்வாசனை என்ற பெயரில் பேச்சை உறையவைத்து எழுதும்போது இவையெல்லாம் கைநழுவிப் போகின்றன.

பெண்களின் வேலை இன்னும் மோசமாக விடுபட்டிருக்கிறது. கிழக்கின் முஸ்லிம் கிராமங்களில் பன்பாய் இழைப்பது பெண்களின் கைத்தொழில். பன்னை வெட்டி, காயவைத்து, சாயமேற்றி, இழைத்து முடிக்கும்வரை பல கைகள் சேர்கின்றன. பேச்சும் சேர்ந்தே ஓடுகிறது. வலையிழுப்பைப் போல அங்கே கட்டளைக்கு அவசரம் இல்லை. கை தானாக ஓடுவதால் வாய்க்கு நேரம் மிச்சம். ஊர்க்கதையும் மாப்பிள்ளைப் பேச்சும் பழமொழியும் நக்கலும் அங்கேதான் வளர்கின்றன. வேலை எப்போதும் பேச்சைச் சுருக்கும் என்று எவரும் பொதுவிதி எழுத வேண்டாம். கண்ணும் கையும் முழுதாக வேலையில் இருந்தால் பேச்சு சுருங்கும், கை பழகி மனம் சும்மா இருந்தால் பேச்சு நீளும். நமது தொகுப்பாளர் பெரும்பாலும் ஆண்கள். பாய் இழைக்கும் முற்றத்தில் அவர்கள் வந்து இருந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஆகவே நமக்குக் கிடைத்தவை தாலாட்டும் ஒப்பாரியும். இடையில் இருந்த முழு நாளும் கிடைக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியது

எருமை போய் உழவு இயந்திரம் சூட்டின் மேல் ஏறியபோதே களத்துப் பேச்சின் பாதி போயிற்று. இப்போது அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கி, வெட்டி, அடித்து, மூடையாகவே தந்துவிடுகிறது. களவெட்டி என்ற இடமே இல்லாதபோது களவெட்டிச் சொல்லுக்கு வேலை இல்லை. கரைவலையையும் பல இடங்களில் உழவு இயந்திரத்தின் உருளை இழுக்கத் தொடங்கியது. உருளைக்கு ஏலேலோ தேவையில்லை. இதற்காக ஒப்பாரி வைப்பது நியாயமில்லை. இரவு முழுக்க மாட்டின் பின்னால் நடந்தவரின் முழங்காலைக் கேட்டால் இயந்திரத்துக்கு துஆச் செய்வார். வேலை மாறினால் பேச்சு மாறும் என்பதுதானே இக்கட்டுரையின் வாதமும். இயந்திரத்தைச் சுற்றியும் புதுப் பேச்சு உண்டாகிக்கொண்டிருக்கிறது. சாரதிக்கும் வயற்காரனுக்கும், மூடை கட்டுபவனுக்கும் லொறிக்காரனுக்கும் இடையில் உண்டாகும் குறும்பேச்சை யார் பதிகிறார்கள்? நாளை அதுவும் போனபின் திண்ணையில் ஒருவரை இருத்திக் கேட்கப் போகிறோமா?

இன்று எல்லோர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. முன்னோருக்கு இருந்த காரணம் நமக்கு இல்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வயலுக்கும் கடலுக்கும் நடுவேதான் நிற்கிறது. அங்கும் பிற இடங்களிலும் நாட்டாரியல் ஆய்வேடு எழுதும் மாணவரிடம் வேண்டுவது பெரிய கோட்பாடு எதுவுமில்லை. பாட்டைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். வேலை நடக்கும் இடத்துக்கே போய், தொடக்கம் முதல் பங்கு பிரியும்வரை பதியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் அதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், அப்போது கை என்ன செய்தது என்று எழுதுங்கள். கூட்டொலியை ஒரு தடவை அச்சிட்டு 'முதலியன' போடாதீர்கள். பெண்களின் வேலையைப் பெண்களே பதியட்டும். பக்கத்து ஊர்த் தமிழர் களத்தில் அதே பொருளுக்கு என்ன சொன்னார்கள் என்பதையும் போய்க் கேளுங்கள்.

களத்தில் இறங்கிச் சூடு மிதித்த கடைசித் தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலருக்குப் பாட்டு மறந்திருக்கலாம். ஆனால் ஒரு கடகத்தைக் கையில் கொடுத்து, "இதுக்குக் களத்துல என்ன சொல்லுவீங்க வாப்பா?" என்று கேட்டால் பெயர் வரும். பெயரோடு அந்த இரவு வரும், கூட நின்றவர்களின் பெயர்களும் வரும். நமது சஞ்சிகைகள் ஒவ்வோர் இதழிலும் இரண்டு பக்கத்தை இதற்கு ஒதுக்கினால் பத்து ஆண்டில் ஒரு நூல் ஆகும். அடுத்த போகம் தொடங்குவதற்குள் தொடங்கலாம்.